பழைய பிக்கப் வாங்கியாச்சா? முதல் 1000 கிலோமீட்டருக்குள்ள என்ன பாக்கணும், கோளாறு வந்தா எங்க தேடணும்

பழைய பிக்கப்ப வாங்கி வீட்டு முன்னாடி நிறுத்தின உடனே கை சும்மா இருக்காது, பம்பர் மாத்தலாமா, எக்ஸ்ட்ரா லைட் போடலாமா, பெரிய டயர் போட்டா எப்படி இருக்கும்னு மனசு ஓடிக்கிட்டே இருக்கும். அதெல்லாம் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. முதல்ல அந்த வண்டி இப்ப எந்த நிலைமைல இருக்குன்னு உங்களுக்கே தெரியணும். வித்தவர் நல்ல மனுஷனாவே இருக்கலாம், ஆனா அவருக்கு முன்னாடி வச்சிருந்தவர் என்ன பண்ணாருன்னு அவருக்கும் தெரியாது. அதனால நான் வச்சிருக்கற கணக்கு இதுதான்: பில் கைல இருந்தா அந்த வேலை நடந்திருக்கு, பில் இல்லன்னா நடக்கல.

இன்னொன்னு, பிக்கப்ப கார் மாதிரி கிலோமீட்டர வச்சு எடை போடக்கூடாது. 2 லட்சம் கிலோமீட்டர் காலியா ஹைவேல ஓடின வண்டி, 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓவர்லோடு அடிச்ச வண்டிய விட நல்லா இருக்கும். மீட்டர் காட்டாதத வண்டியோட பின்பக்கம் காட்டும், அதாவது கமான் பட்டை (எடைய தாங்கற இரும்பு இலை ஸ்பிரிங்), கிரவுன் (பின் ஆக்சில் நடுவுல இருக்கற கியர் பெட்டி), பின் பிரேக், பின் ஆக்சிலுக்கு மேல இருக்கற சேஸிஸ். கூடவே கிளட்ச்சும்.

வரிசை ரொம்ப முக்கியம். வண்டி நிக்கணும், சொன்ன பக்கம் திரும்பணும், சூடாகக்கூடாது, இந்த மூணும் உறுதியான பிறகுதான் வண்டி நல்லா இழுக்குதா, மைலேஜ் வருதான்னு பாக்கணும். நிறைய பேர் இத தலைகீழா பண்றாங்க.

தொடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு

ஒரு சின்ன நோட்டு வாங்கி முதல் பக்கத்துல சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், வாங்கின அன்னைக்கு மீட்டர் ரீடிங் எழுதுங்க. அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல் எப்படியாவது தேடி எடுத்துருங்க, ஏன்னா நான் கீழ சொல்ற நம்பர் எல்லாம் பொதுவானது, உங்க வண்டிக்கு மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு.

அடுத்து எதையும் கழட்டாம ரெண்டு காரியம் பண்ணுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல முதல் ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்துல ஒருத்தர நிக்க வச்சு புகை என்ன கலர்ல வருது, என்ன சத்தம், ஆயில் லைட் எத்தனை செகண்ட்ல அணையுதுன்னு எழுதுங்க. அப்புறம் 40 நிமிஷம் எல்லா ஸ்பீடுலயும் எல்லா கியர்லயும் ஓட்டிட்டு வந்து, நிறுத்தின இடத்துல ஒரு அட்டைய விரிச்சு, காலைல எங்க எங்க சொட்டியிருக்குன்னு பாருங்க. எந்த ஆயில், வண்டியோட எந்த இடத்துக்கு நேர் கீழன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

வண்டிக்கு அடில: சேஸிஸ், பைப், பட்டை

ஜாக்கிய மட்டும் நம்பி அடில படுக்காதீங்க. ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு ஸ்டாண்டு வேணும், மத்த வீலுக்கு முன்னாடி பின்னாடி கட்டை வேணும், தரை கெட்டியா இருக்கணும். தூக்கினதும் வண்டிய கையால நல்லா ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் உள்ள போங்க. இதுல சமாதானமே கிடையாது.

கைல ஒரு சின்ன சுத்தியல் எடுத்துக்கோங்க. சேஸிஸ முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், அரிச்ச இரும்பு மொத்துன்னு கேக்கும், ரொம்ப மோசமா இருந்தா சுத்தியலே உள்ள போயிரும். மேல தெரியற செம்பழுப்பு துரு பெரிய விஷயம் இல்ல, தகடு தகடா உரியற துருதான் ஆபத்து. பின் ஆக்சிலுக்கு மேல சேஸிஸ் வளையற இடம், பட்டை மாட்டியிருக்கற ஹேங்கர், டேங்குக்கு மேல இருக்கற மறைவு, பெட்டி மாதிரி மூடின சேஸிஸா இருந்தா அதோட உள்பக்கம், இந்த நாலு இடத்துல டார்ச் அடிச்சுப் பாக்காம எழுந்திருக்காதீங்க. புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா அங்க ரெண்டு தடவை தட்டுங்க.

அதே படுக்கைல பிரேக் பைப்ப கையால தடவிக்கிட்டே போங்க. கிளிப் பிடிச்சிருக்கற இடத்துலயும் டேங்குக்கு மேல போற இடத்துலயும்தான் முதல்ல அரிக்கும். சொரசொரன்னு உப்பி இருந்தா மாத்திருங்க, அத தேச்சு பெயின்ட் அடிச்சு ஓட்டற வேலை வேண்டாம்.

கமான் பட்டைல ஒரு இலை உடைஞ்சிருந்தா அந்தப் பக்கம் வண்டி சாஞ்சு நிக்கும், உடைஞ்ச இடத்துல புது இரும்பு பளபளன்னு தெரியும். பட்டையோட முனைய சேஸிஸோட சேக்கற ஷேக்கிள் புஷ்ஷுல கம்பிய விட்டு நெம்பிப் பாருங்க. பட்டைய ஆக்சிலோட கட்டிப் பிடிக்கற யூ போல்ட்ட ஒரு தடவை கழட்டினா திரும்ப அதையே போடாம புதுசு போடறதுதான் சரி, ஏன்னா அது இழுபட்டு நீண்டு இறுகற வகை.

ஸ்டெப்னிய கண்டிப்பா இறக்கிப் பாருங்க. அடில செயின்லயோ கேபிள்லயோ தொங்கற ஸ்டெப்னி வருஷக்கணக்கா தொடாம இருந்தா அந்த வின்ச் துரு பிடிச்சு இறுகிப் போயிருக்கும், அது நடுராத்திரி ரோட்டுல பஞ்சர் ஆகும்போதுதான் தெரிய வரும்.

பிரேக்

இதுல கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். இன்ஜின் ஆஃப்ல பெடல அஞ்சாறு தடவை அமுக்கி கெட்டியானதும், அப்படியே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழ இறங்கணும், இறங்கலன்னா பெடல் அமுக்கறதுக்கு உதவற பூஸ்டரோ அதுக்குப் போற வேக்கம் ஓஸோ வேலை செய்யல. அடுத்து இன்ஜின் ஓடும்போது 30 செகண்ட் அமுக்கியே பிடிங்க, மெதுவா கீழ போய்க்கிட்டே இருந்தா வெளில எங்கயாவது கசியுது, வெளில எதுவும் தெரியலன்னா பெடல் அமுக்கினா ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர் உள்ளயே விட்டுக்கொடுக்குது. பஞ்சு மாதிரி அமுங்கினா உள்ள ஏர் இருக்கு.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். டாட் 3 (DOT 3) வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா அது 140க்கு வந்துரும். டாட் 4க்கு 230, ஈரம் ஏறினா 155. லோடோட இறக்கத்துல தொடர்ந்து பிரேக் பிடிச்சா பழைய ஆயில் கொதிச்சு ஆவியாகி பெடல் தரைக்குப் போறது இதனாலதான். பழைய ஆயில் காப்பிக்கலர்ல இருந்தா யோசிக்காம முழுசா மாத்துங்க, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. டாட் 5 சிலிகான் ஆயில், அத இதோட கலக்கக்கூடாது. பைப்ல மாட்டின ஏர வெளியேத்தும்போது பெரும்பாலான வண்டிகள்ல மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்கற வீல்ல ஆரம்பிச்சு கிட்ட வரணும்.

பின் ட்ரம்ம கழட்டி வீல் சிலிண்டரோட ரப்பர் மூடிய லேசா தூக்கிப் பாருங்க, உள்ள ஈரமா இருந்தா அது கசிய ஆரம்பிச்சாச்சு. லைனர் மேல கிரவுன் ஆயில் பட்டிருந்தா ஆக்சில் சீல் போயிருக்கு, ஆயில் குடிச்ச லைனர கழுவிப் போட்டா பிடிக்காது, ரெண்டு பக்கமும் மாத்தணும்.

பிக்கப்புக்குன்னே இருக்கற ஒரு சமாச்சாரம், பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோட இருக்கற லோடு வால்வு. லோடு ஏறி பின்பக்கம் தாழ்ந்தா பின் பிரேக்குக்கு பிரஷர் கூடுதலா விடும், காலியா இருந்தா குறைக்கும். முன்னாடி வச்சிருந்தவர் பட்டைல எக்ஸ்ட்ரா இலை சேத்து உயரத்த ஏத்தியிருந்தா, லோடு இருக்கும்போதும் அந்த வால்வு காலி வண்டின்னு நெனச்சுக்கும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பேடு சீக்கிரம் தேயும். கம்பி துரு பிடிச்சு இறுகிப் போயிருந்தாலும் இதே கதைதான்.

ஸ்டியரிங், டயர்

முன் வீல் தரைய விட்டு தூக்கினதும் 12 மணி, 6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா வீல் பேரிங் இல்லன்னா பால் ஜாயின்ட். ஒருத்தர பிரேக் அமுக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலன்னா பால் ஜாயின்ட். 3 மணி, 9 மணி இடத்துல மட்டும் ஆடினா டை ராட் பக்கம் பாருங்க. கிரீஸ் நிப்பிள் இருக்கற எல்லா இடத்துலயும் பழைய கிரீஸ் வெளில வர்ற வரைக்கும் அடிங்க.

டயர்ல பட்டன் (ரோட்டத் தொடற மேடு) எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்து ஏமாறாதீங்க. பக்கவாட்டுல DOTங்கற எழுத்துக்குப் பின்னாடி கடைசி 4 நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. 6 வருஷத்துக்கு மேலன்னா வெடிப்பு இருக்கான்னு வருஷா வருஷம் பாக்கணும், 10 வருஷம் தாண்டினா பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் கழட்டிருங்க. பிரஷர் எவ்வளவுன்னு டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், டயர்ல எழுதியிருக்கறது அந்த டயர் தாங்கற அதிகபட்சம், அத அப்படியே அடிக்காதீங்க.

ஆயில் எல்லாம் ஒரே நாள்ல

இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் முதல் நாளே மாத்துங்க. வடிச்ச ஆயில ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்தி வெளிச்சத்துல பாருங்க, பழைய ஃபில்டர அறுத்து பேப்பர விரிச்சுப் பாருங்க. பளபளன்னு தூள் இருந்தா பேரிங் தேயுது. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. டீசல்ல ஆயில் கருப்பா இருக்கறது சாதாரணம், அதுக்கு பயப்பட வேண்டாம். மேனுவல் சொன்னத விட ரொம்ப கெட்டியான ஆயில் ஊத்தியிருந்தா சத்தத்த மறைக்கத்தான் ஊத்தியிருப்பாங்க, சரியான கிரேடு ஊத்தி ஓட்டினாத்தான் உண்மை தெரியும்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (நாலு வீல் டிரைவ்ல முன் வீலுக்கும் இழுவைய பிரிச்சு விடற பெட்டி), கிரவுன் மூணுக்கும் ஒரு விதி: ஊத்தற நட்ட முதல்ல கழட்டுங்க, அது வந்த பிறகுதான் வடிக்கற நட்டுல ஸ்பேனர் வைங்க. ஊத்தற நட்டு இறுகி வரலன்னா, வடிச்ச வண்டி அப்படியே நின்னு போயிரும். கிரவுனுக்கு பெரும்பாலும் ஜிஎல்-5 தர கியர் ஆயில், கெட்டி அளவு 75டபிள்யூ-90 இல்லன்னா 80டபிள்யூ-90. ஆனா அதே ஜிஎல்-5ஐ மேனுவல் கியர் பாக்ஸ்ல ஊத்தலாமான்னு சர்வீஸ் மேனுவல்ல பாருங்க, ஜிஎல்-4 கேக்கற பாக்ஸ்ல ஊத்தினா உள்ள இருக்கற பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது. கிரவுன் சீல் திரும்பத் திரும்ப கசியுதுன்னா சீல மாத்திக்கிட்டே இருக்காம ஆக்சில் மேல இருக்கற மூச்சுக்குழாய பாருங்க, அது சேறு அடைச்சிருந்தா சூட்டுல உள்ள பிரஷர் ஏறி ஆயில சீல் வழியா தள்ளும்.

நாலு வீல் டிரைவ் இருந்தா மாசத்துக்கு ஒரு தடவையாவது மண் தரைல போட்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்க. வேணும்போது மட்டும் போடற பார்ட் டைம் வகைய காஞ்ச தார் ரோட்டுல போட்டு திருப்பாதீங்க, முன்னும் பின்னும் ஒன்னை ஒன்னு முறுக்கும்.

கூலன்ட், டைமிங் பெல்ட்

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்க. உள்ள பிரஷர் இருக்கறதாலதான் தண்ணி 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்குது, மூடிய திறந்த நிமிஷம் மொத்தமும் கொதிச்சு மூஞ்சில அடிக்கும். ஆறின பிறகு திறந்தா உள்ள துருத்தண்ணி இருந்தா, ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணி விட்டுக் கழுவி, கூலன்டும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க, ஹீட்டர ஃபுல் ஹாட்ல வச்சு ஏர் போற வரைக்கும் இன்ஜின ஓட விடுங்க. மூடியும் தெர்மோஸ்டாட்டும் (சூடு ஏறினதும் தண்ணிய ரேடியேட்டருக்குத் திறந்து விடற வால்வு) சின்ன பொருள், அப்பவே புதுசு போட்டுருங்க. சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, அது தப்பு, இன்ஜின் சரியான சூட்டுக்கே வராம தேயும்.

வால்வையும் பிஸ்டனையும் நேரம் தப்பாம ஓட வைக்கறது டைமிங் பெல்ட்டா, செயினா, கியரான்னு கண்டுபிடிங்க. பெல்ட்டா இருந்து எப்ப மாத்தினாங்கன்னு பில் இல்லன்னா உடனே மாத்துங்க, வாட்டர் பம்ப், டென்ஷனர் சேத்து. பல இன்ஜின்கள்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வ இடிச்சு ஹெட்டே போயிரும். தள்ளிப் போடற வேலை இல்ல இது.

கோளாறு தேடறது: முதல்ல அளக்கணும்

என் வண்டி காலைல செல்ஃப் சோம்பலா சுத்துச்சு. பேட்டரி மாத்தினேன், ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, திரும்ப அதே கதை. செல்ஃப் மோட்டார கழட்டி புதுசு போட்டேன், அதுக்கப்புறமும் மழை நாள்ல இழுத்துச்சு. கடைசில பாத்தா இன்ஜின்ல இருந்து சேஸிஸுக்குப் போற எர்த் வயர், மேல ரப்பர் நல்லா இருந்து உள்ள பச்சையா பூத்துப் போயிருந்துச்சு. அஞ்சு நிமிஷம் மல்டிமீட்டர் வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னைல இருந்து அளக்காம ஒரு பார்ட் கூட நான் வாங்கறது இல்ல.

அளக்கறது இப்படித்தான். ராத்திரி நின்ன வண்டில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா ஃபுல், 12.2ன்னா பாதி. ஓடும்போது 13.8ல இருந்து 14.5க்குள்ள இருந்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ போனா பேட்டரி பலவீனம். போகல, ஆனாலும் மெதுவா சுத்துதுன்னா, மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன இன்ஜின் பிளாக்லயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அர வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. பாசிட்டிவ்ல இருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரைக்கும் இதே மாதிரி. டக் டக் டக்னு வேகமா அடிச்சா கரன்ட் பத்தல, ஒரே ஒரு டக் மட்டும் கேட்டு லைட்டும் மங்காம இருந்தா சாலினாய்டு இல்லன்னா மோட்டார்.

நிறுத்தி வச்சா பேட்டரி இறங்குதுன்னா, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி நெகட்டிவ் வயருக்கு நடுவுல மீட்டர ஆம்ப்ஸ்ல வச்சு அரை மணி நேரம் காத்திருங்க. 50 மில்லி ஆம்ப்ஸுக்கு மேல இருந்தா ஃப்யூஸ ஒவ்வொன்னா எடுங்க, எத எடுத்ததும் இறங்குதோ அந்த சர்க்யூட்லதான் கசிவு. மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிராதீங்க. பழைய வண்டில முதல்ல சந்தேகப்பட வேண்டியது வாங்கின அப்புறம் சேத்த பாட்டு செட்டு, ஹாரன், டிரெய்லர் வயரிங்.

செல்ஃப் நல்லா சுத்தியும் ஸ்டார்ட் ஆகலையா, பெட்ரோல்னா சாவி போட்டதும் டேங்க்ல ரெண்டு செகண்ட் பம்ப் சத்தம் கேக்குதா, பிளக்ல பொறி வருதா, இந்த ரெண்டுல எது இல்லைன்னு பிரிச்சுட்டா தேடல் பாதியாயிரும். டீசல்னா ராத்திரி நின்னா மட்டும் இழுக்குதா? அப்ப ஹீட்டர் பிளக்கோ, டீசல் லைன்ல ஏர் எடுக்கறதோதான். ஃபில்டருக்கு அப்புறம் உள்ள ஓடறது தெரியற ஒரு துண்டு பிளாஸ்டிக் ஓஸ் போட்டுப் பாருங்க, குமிழ் ஓடினா எங்கயோ ஒரு ஜாயின்ட்டோ கை பம்போ ஏர் இழுக்குது. ஃபில்டர் அடில இருக்கற தண்ணியையும் வடிச்சுருங்க.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல்ல எந்த சிலிண்டர் அடிக்கலன்னு பாக்க ஓடும்போதே இன்ஜெக்டர் நட்ட லூஸ் பண்ணுவாங்க. காமன் ரெயில் இன்ஜின்ல அத செய்யவே கூடாது. அதுல பிரஷர் 1000 பாருக்கு மேல போகும், கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோல கிழிச்சு உள்ள போயிரும், அப்படி டீசல் உள்ள போனா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

புகை: கருப்புன்னா காத்து பத்தல இல்ல டீசல் அதிகம், ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ் கிழிசல்ல ஆரம்பிங்க. நீலம்னா ஆயில் எரியுது, ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தா வால்வ் சீல், ஓட ஓட வந்தா பிஸ்டன் ரிங் இல்ல டர்போ. வெள்ளை காலைல மட்டும் வந்து போயிட்டா பரவால்ல, சூடான பிறகும் வந்து கூலன்டும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ராத்திரி முழுக்க ஆறின பிறகும் ரேடியேட்டர் ஓஸ் கல்லு மாதிரி இருந்தா அந்த சந்தேகம் பலமாகுது.

சூடாகறதுல எப்ப சூடாகுதுங்கறதுதான் துப்பு. நின்னா சூடாகி ஓடினா இறங்குதுன்னா ஃபேன், ஃபேன் கிளட்ச். ஹைவேல லோடோட மட்டும் சூடாகுதுன்னா ரேடியேட்டர் அடைப்பு, உறிஞ்சி ஒட்டிக்கற கீழ் ஓஸ், வாட்டர் பம்ப். முள் ஏறவே மாட்டேங்குதுன்னா தெர்மோஸ்டாட் திறந்தே நிக்குது.

அதிர்வ தேட ஒரு எளிய வழி: அதிர்ற ஸ்பீடுல, காலியான நேரான ரோட்டுல நியூட்ரல் போடுங்க. அதிர்வு நின்னா இன்ஜின் பக்கம், தொடர்ந்தா வீலோ பிராப்பல்லர் ஷாஃப்டோ (கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற நீள தண்டு). ஸ்டியரிங்ல அதிர்ந்தா முன் வீல், சீட்ல அதிர்ந்தா பின் வீல் இல்ல ஷாஃப்ட். கிளம்பும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் டங்னு அடிச்சா ஷாஃப்ட்டோட கிராஸ் (முனைல மடங்கற ஜாயின்ட்), நடு பேரிங், பட்டை புஷ் மூணையும் பாருங்க. ஹம்முனு சத்தம் வந்து இடது பக்கம் வளைச்சா கூடுதுன்னா பெரும்பாலும் வலது பேரிங், ஏன்னா எடை அந்தப் பக்கம் சாயுது.

செக் இன்ஜின் லைட் எரிஞ்சா, வண்டியோட கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்கற கோளாறு கோடு (code) படிக்கற கருவி கைல இருக்கணும். அமெரிக்காவுல 1996ல இருந்து வந்த கார், சின்ன பிக்கப்கள்ல அந்தக் கருவிய மாட்டற ஓபிடி-2 சாக்கெட் இருக்கு. பி0171னு வந்தா உடனே ஆக்சிஜன் சென்சார் வாங்காதீங்க, காத்துக்கு எரிபொருள் பத்தலன்னு சென்சார் சொல்லுது, அது பெரும்பாலும் சரியாத்தான் சொல்லுது, எங்க காத்து திருட்டுத்தனமா நுழையுதுன்னு ஓஸ், கேஸ்கெட்டத்தான் தேடணும். கோடு காட்டறது அறிகுறி, பார்ட் நம்பர் இல்ல.

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான் செய்யுங்க, செஞ்சத நோட்டுல எழுதி ரெண்டு நாள் ஓட்டுங்க. மூணு பார்ட்ட ஒரே நாள்ல மாத்தி சரியாயிட்டா எதனால சரியாச்சுன்னு தெரியாது, திரும்ப வரும்போது மறுபடி முதல்ல இருந்து தேடணும்.

வீல் கழட்டி மாட்டின பிறகு 100 கிலோமீட்டர்ல வீல் நட்டையும், புதுசு போட்டிருந்தா யூ போல்ட்டையும் டார்க் ரென்ச் வச்சு திரும்ப இறுக்குங்க. 500ல எல்லா ஆயில் லெவலும், கூலன்டும் பாருங்க, ஆறின பிறகு. 1000ல அந்த அட்டைய மறுபடி அடில விரிச்சு, முதல் நாள் எழுதின பக்கத்தோட வச்சுப் பாருங்க.